14 நொடிக்கு ஒரு சிமிட்டல்

2025 ஜூன் நடுவில் கரண்ட் கணக்கெடுக்க வந்தவர் வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போன எண் 547 யூனிட். கட்ட வேண்டியது 2,435 ரூபாய். எங்கள் வீட்டில் ஏ.சி. கிடையாது, கீசர் கிடையாது. பாளையங்கோட்டையில் ஒரு சின்ன வீடு. நான், வீட்டுக்காரர், அத்தை, பிளஸ் ஒன் படிக்கும் பையன். "நாலு ஃபேனும் ஒரு பிரிட்ஜும் ஓடுத வீட்டுக்கு இம்புட்டாளா?" என்று அத்தை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதும் கழிவு எழுதியிருக்குமோ என்பதுபோல.

நான் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறவள். தொகை எவ்வளவு என்பதை விட அது எப்படி வந்தது என்பதுதான் எனக்கு உறுத்தும். அன்று ராத்திரியே போட்டுப் பார்த்தேன். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். முதல் 100 யூனிட் அப்போது எல்லாருக்கும் இலவசம், 2016-லிருந்து அப்படித்தான் இருந்தது. அதற்கு மேல், 2024 ஜூலையில் மாறி அப்போது நடப்பில் இருந்த கட்டணப்படி, மொத்தம் 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35, அதிலிருந்து 400 வரை 4.70, அப்புறம் 500 வரை 6.30. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 கிடையாது, 101-லிருந்தே 4.70 தான். தாண்டின யூனிட்டுக்கு, 600 வரை, 8.40.

அதாவது 500-ல் நின்றால் 1,805 ரூபாய். 501 ஆனால் 2,048.40. அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் 243 ரூபாய் 40 பைசா. நாங்கள் தாண்டியது 47 யூனிட். 2,434.80-ல் 1,805 போக 629.80. அதை 47-ஆல் வகுத்தால் யூனிட்டுக்குச் சரியாக 13.40 விழுகிறது. எங்கள் கடையில் இப்படி ஒரு சரக்குக்கு விலை போட்டால் வாங்க வந்தவர் கல்லாவிலேயே சண்டைக்கு நிற்பார்.

பில் வந்த அன்று எல்லா வீட்டிலும் நடக்கிற விசாரணை எங்கள் வீட்டிலும் நடந்தது. வீட்டுக்காரர் பையனைப் பிடித்தார்: "சார்ஜரப் பிடுங்காம விட்டா இப்படித்தான் வரும்." பையன் பாட்டியின் சீரியலைச் சொன்னான். அத்தை என் மிக்ஸியைச் சொன்னார், அம்மியில் அரைத்த காலத்தையும் சேர்த்து. ஆளுக்கொரு சாமானைச் சொன்னார்கள். ஒருவரிடமும் ஒரு எண் இல்லை. எனக்கு எண் வேண்டியிருந்தது.

எங்கள் மீட்டர் வாசல் திண்ணைச் சுவரில் இருக்கிறது. அதில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிவதை வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறேன். மீட்டர் உயிரோடு இருக்கிறது என்பதற்கான அடையாளம் என்றே நினைத்திருந்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் 3200 இம்ப் என்று போட்டிருந்தது. ஒரு யூனிட் ஓடி முடிய அந்த விளக்கு 3,200 தடவை சிமிட்டும் என்று அர்த்தம். பையன் நோட்டில் போட்டுக் கொடுத்தான்: ஒரு சிமிட்டலுக்கும் அடுத்த சிமிட்டலுக்கும் எத்தனை நொடி என்று எண்ணி, 1125-ஐ அந்த நொடியால் வகுத்தால் அந்த நேரத்தில் வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்று வந்துவிடும். நொடிக்கு ஒரு தடவை சிமிட்டினால் 1125 வாட். 15 நொடிக்கு ஒரு தடவை என்றால் 75 வாட், அதாவது ஒரு பழைய சீலிங் ஃபேன். காசு செலவில்லாத கருவி. சீலைத் தொட வேண்டாம், மூடியைத் திறக்க வேண்டாம், எதிரே உட்கார்ந்து பார்த்தால் போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு எல்லாரையும் திண்ணைக்கு விரட்டினேன். ஃபேன், லைட், டிவி எல்லா சுவிட்சும் ஆஃப். பிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கியாச்சு. வீட்டில் எதுவும் ஓடவில்லை. மீட்டர் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பகல் வெளிச்சத்தில் அந்த விளக்கு மங்கலாகத்தான் தெரியும்; ஒரு கையால் நிழல் கட்டிக்கொண்டு, இன்னொரு கையில் செல்போன் ஸ்டாப்வாட்ச். சிமிட்டாது என்றுதான் நினைத்தேன்.

சிமிட்டியது. எண்ணினேன். 14 நொடியில் மறுபடி. திரும்ப எண்ணினாலும் அதே 14.

80 வாட். ஒன்றுமே ஓடாத வீடு 80 வாட் இழுக்கிறது. 60 நாளுக்கு 1,440 மணி நேரம். பெருக்கினால் 115 யூனிட். அரசாங்கம் இலவசமாகத் தந்த 100 யூனிட் முழுவதையும் எங்கள் வீடு, ஒருவருக்கும் காற்றோ வெளிச்சமோ தராமல், தானாகவே தின்றுவிட்டு, அதற்கு மேலும் 15 யூனிட் கேட்டிருக்கிறது.

அதன்பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். பையன் உள்ளே, நான் வெளியே, சன்னல் வழியாகப் பேச்சு. டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் செட்டாப் பாக்ஸ். ரிமோட்டில் ஆஃப் பண்ணி சிவப்பு விளக்கோடு கிடந்தது, தொட்டால் இளஞ்சூடு. பிடுங்கியதும் 14 நொடி 16-க்குக் கொஞ்சம் மேலே போனது. 11 வாட். ரிமோட்டில் ஆன் பண்ணினாலும் ஆஃப் பண்ணினாலும் அது இழுப்பது ஏறக்குறைய ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது. நாங்கள் ஆஃப் என்று நினைத்ததெல்லாம் படத்தை மறைத்ததுதான். வைஃபை பெட்டியைப் பிடுங்கியதும் 18-க்குக் கொஞ்சம் மேலே. அது 8 வாட். படுக்கையறையில் கொசு மருந்து மெஷின் பகலிலும் சொருகியே கிடந்தது, அது ஒரு 3 வாட். இப்போது 19 நொடிக்குக் கொஞ்சம் மேல் ஆனால்தான் ஒரு சிமிட்டல். இன்னும் 58 வாட் எங்கேயோ போகிறது.

மிச்சம் இருந்தது இன்வெர்ட்டர் மட்டும்தான். பையன் அதன் பிளக்கைப் பிடுங்கியதும் உள்ளே 'கீ' என்று கத்தியது. "ஏளா, கரண்டு போய்ட்டா?" என்றார் அத்தை. நான் பதில் சொல்லவில்லை, மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம். ரெண்டு. அஞ்சு நிமிஷம் ஆகியும் விளக்கு எரியவில்லை. வயரிங்கில் பெரிய கசிவு ஏதும் இல்லை என்பதும் அதிலேயே தெரிந்துவிட்டது. அப்படிக் கசிவு இருந்திருந்தால் எல்லாம் பிடுங்கின பிறகும் சிமிட்டிக்கொண்டே இருந்திருக்கும். அப்படி இருந்தால் அதற்கு மேல் நாம் கை வைக்கக் கூடாது, எலக்ட்ரீசியனைக் கூப்பிடுவதுதான் வேலை.

ஆக, 58 வாட் இன்வெர்ட்டர். ராத்திரி பகல் பாராமல். இரண்டு மாதத்துக்கு 83 யூனிட். நாங்கள் 500-ஐத் தாண்டியதே 47 யூனிட்தான்.

இன்வெர்ட்டருக்கு எப்போதும் வேலை பார்க்கும் எலக்ட்ரீசியன் தம்பி சாயங்காலம் வந்தார். பேட்டரியின் பக்கவாட்டில் கை வைத்தவர், "எக்கா, சுடுதுல்லா" என்றார். அஞ்சு வருஷப் பேட்டரி, ஆறு செல். மூடிகளைத் திறந்து ஒவ்வொரு செல்லிலும் அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சிப் பார்த்தார். அஞ்சில் மிதவை 1220-க்கு மேல் நின்றது. மூன்றாவதில் 1100-ஐக்கூடத் தொடவில்லை, அடியிலேயே கிடந்தது. ஒரு செல் செத்துப்போனால் பேட்டரியின் வோல்டேஜ் முழுசாக ஏறாது. ஏறவில்லையே என்று சார்ஜர் ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். தள்ளுவதெல்லாம் சூடாகப் போகும், தண்ணி வற்றும். "தண்ணி என்ன ஊத்துனீங்க?" என்று கேட்டார். வீட்டுக்காரர் மோட்டுவளையைப் பார்த்தார். ஒரு தடவை டிஸ்டில்ட் வாட்டர் தீர்ந்துபோய், குடிக்கிற கேன் தண்ணியை ஊற்றியிருக்கிறார். "சுத்தமான தண்ணிதான?" குடிக்கச் சுத்தம் வேறு, பேட்டரிக்குச் சுத்தம் வேறு. அந்தச் செல் செத்ததற்கு அதுதான் காரணம் என்று தம்பி சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

பழைய பேட்டரியை எடுத்துக்கொண்டு புதுசு தர 12,800 ஆகும் என்றார். அவ்வளவு எதற்கு, இப்போதெல்லாம் எங்கே கரண்ட் போகிறது என்று நான் பிளக்கைப் பிடுங்கினது பிடுங்கினபடியே விட்டேன். நாற்பது நாள் நன்றாகத்தான் போனது. நாற்பத்தொன்றாம் நாள் ராத்திரி பதினொன்றரைக்குத் தெருவே இருண்டது. ரெண்டே கால் மணி நேரம். அத்தை பரணிலிருந்து பனையோலை விசிறியை எடுக்கச் சொல்லி, தனக்கு வீசிக்கொண்டே எனக்கும் வீசினார், வார்த்தையால். மறுநாள் பேட்டரி வாங்கினேன். இதைச் சேமிப்புக் கணக்கில் எழுத மாட்டேன், இது வீட்டுச் சமாதானக் கணக்கு. புதுசு முழுசாக ஏறின பிறகு எண்ணிப் பார்த்தேன்: ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு சிமிட்டல், 12 வாட். அதே இன்வெர்ட்டர்தான்.

கையில் ஒரு அளவுகோல் கிடைத்துவிட்டால் சும்மா இருக்க முடியாது. முதலில் வீட்டுக்காரரின் சார்ஜர் குற்றச்சாட்டைத்தான் எடுத்தேன். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, செல்போன் மாட்டாத மூன்று சார்ஜரை மட்டும் சொருகி சுவிட்சைப் போட்டு, திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே மீட்டரைப் பார்த்தேன். இருபது நிமிஷம். ஒரு சிமிட்டலும் இல்லை. மீட்டர் கணக்கில் மூன்றும் சேர்ந்து ஒரு வாட் கூட இல்லை என்று ஆகிறது. நல்ல பழக்கம்தான், பிடுங்கட்டும். ஆனால் பையன் இத்தனை வருஷம் வாங்கின திட்டுக்கு அதில் சரக்கில்லை. மிக்ஸி 500 வாட், ஒரு நாளில் மொத்தம் அஞ்சு நிமிஷம். யூனிட்டில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அம்மி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

பிரிட்ஜுக்கு இந்த முறை சரிப்படாது. அது ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அதற்கு மட்டும் 900 ரூபாய்க்கு பிளக்கில் சொருகும் வாட் மீட்டர் ஒன்று வாங்கினேன். பன்னிரண்டு வருஷப் பழசு, 190 லிட்டர், ஒற்றைக் கதவு. 24 மணி நேரத்துக்கு 1.72 யூனிட் காட்டியது. இரண்டு மாதத்துக்கு 103. பில்லில் ஐந்தில் ஒரு பங்கு கிட்ட.

கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு பத்து ரூபாய் நோட்டு போதும். நோட்டை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி, இழுத்துப் பார்க்க வேண்டும். மேலே, பக்கத்தில் எல்லாம் இறுக்கிப் பிடித்தது. கீழே கீல் பக்கம் வந்ததும் நோட்டு வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்துச் சாத்தினோம். அதே மூலையில் ஒரு விரல் நீளத்துக்கு வெளிச்சக் கோடு. வருஷக்கணக்காக அந்தக் கோடு வழியாகத்தான் எங்கள் காசு தரையில் ஒழுகியிருக்கிறது. பக்கத்தில் நின்றால் பாதத்தில் குளிர்ச்சி படும்; பூனை ஏன் அந்த இடத்திலேயே படுக்கிறது என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது.

முதலில் ரப்பரைக் கழற்றாமலே, வெந்நீரில் துணி முக்கி ஒத்தடம் கொடுத்தேன். இட்லி மாவு காய்ந்து மடிப்பில் அடைசலாக இருந்ததைப் பழைய டூத்பிரஷால் தேய்த்து எடுத்தேன். கொஞ்சம் இளகியது, நோட்டு அரைகுறையாகப் பிடித்தது, நாலு நாளில் பழையபடி. அப்புறம் பிரிட்ஜ் மாடலைச் சொல்லி 450 ரூபாய்க்குப் புது ரப்பர் வாங்கி மாட்டினோம். சுருட்டிக் கட்டி வந்ததால் அலை அலையாக இருந்தது. அரை மணி நேரம் வெயிலில் போட்டுவிட்டு மாட்டினதும் ஒட்டிக்கொண்டது. கூடவே ஃப்ரீசரில் ஒரு விரற்கடை கட்டியிருந்த பனியை உருக்கினேன். அதைக் கத்தியால் குத்தக் கூடாது, அடியில் கேஸ் குழாய் ஓடுகிறது. கதவைத் திறந்துபோட்டு அடியில் துணி விரித்துக் காத்திருக்கத்தான் வேண்டும். பிரிட்ஜைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்து, பின்பக்கக் கம்பிவலையில் பஞ்சாகப் படிந்திருந்த தூசியைத் துடைத்தேன். குமிழை 5-லிருந்து 3-க்கு இறக்கினேன். மறுநாள் கணக்கு 1.28.

இங்கே ஒரு தப்பும் பண்ணினேன். 3 போதும் என்றால் 1 இன்னும் நல்லதுதானே என்று ஒரு நாள் ராத்திரி 1-க்கு இறக்கினேன். காலையில் பால் திரிந்திருந்தது. பிறகு, பக்கத்துத் தெரு உறவுக்காரர் ஒருவர் ராத்திரி பத்து மணிக்கு பிரிட்ஜை அணைத்து காலை அஞ்சுக்குப் போடுவதாகச் சொன்னதைக் கேட்டு அதையும் செய்து பார்த்தேன். 24 மணி நேரக் கணக்கு 1.19. ராத்திரி ஓடாததில் பெரும்பகுதியைக் காலையில் மூச்சுவாங்க ஓடி எடுத்துக்கொண்டது. மிச்சம் நாளுக்கு 0.09, இரண்டு மாதத்துக்கு 5 யூனிட், 25 ரூபாய். அதற்குள் ஒரு தூக்குவாளி தோசை மாவு புளித்துப் பொங்கி அலமாரியில் வழிந்திருந்தது. "நாந்தான் அப்பமே சொன்னம்லா" என்றார் அத்தை. அவர் சொல்லவில்லை, ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. பிரிட்ஜை அணைத்து மிச்சம் பிடிக்கிற யோசனையை அதோடு விட்டேன்.

ஃபேன்தான் எங்கள் ஊரில் பெரிய செலவு. கூடத்து ஃபேன் ஒரு நாளில் பதினாறு மணி நேரம் சுற்றும். மற்ற எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு அதை மட்டும் முழு வேகத்தில் போட்டால் 15 நொடிக்கு ஒரு சிமிட்டல், 75 வாட். படுக்கையறை இரண்டிலும் பழைய கனமான பெட்டி ரெகுலேட்டர். அதில் 2-ல் வைத்து எண்ணினேன். ஃபேன் ஈ ஓட்டுகிற வேகத்தில் சுற்றுகிறது, மீட்டர் 20 நொடிக்கு ஒரு தடவை சிமிட்டுகிறது. 56 வாட். வேகம் பாதிக்குக் கீழே, கரண்டு முக்கால்வாசி. மீதி எங்கே போகிறது என்று ரெகுலேட்டரைத் தொட்டால் தெரியும், சட்டி மாதிரி சுடும். உள்ளே இருப்பது வெறும் கம்பிச்சுருள், மிச்சத்தைச் சூடாக்கிக் கழிக்கிறது. ஒன்று 180 ரூபாய் வீதம் சின்ன எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் இரண்டு வாங்கி மெயினை அணைத்துவிட்டுத் தம்பி மாட்டிக் கொடுத்தார். அதே 2-ல் இப்போது 38 நொடி, 30 வாட்டுக்குக் கொஞ்சம் கீழே. நான் செய்ததிலேயே போட்ட காசுக்கு அதிகம் தந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

கூடத்துக்கு மட்டும் பி.எல்.டி.சி. ஃபேன், அதாவது கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்தது, 3,000 ரூபாய். முழு வேகத்தில் 39 நொடிக்கு ஒரு சிமிட்டல், 29 வாட். நடு வேகத்தில் ஒரு நிமிஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. இதை வாங்குகிறவர்கள் பழைய ரெகுலேட்டரை லைனிலிருந்து எடுத்துவிட்டு நேராக சுவிட்சில் கொடுக்க வேண்டும். சாதாரண ரெகுலேட்டர் வழியாக ஓட்டினால் உள்ளே இருக்கும் போர்டு கெட்டுப்போகும். நாளுக்கு 0.74 யூனிட் மிச்சம். இரண்டு மாதத்துக்கு 44. போட்ட 3,000 திரும்ப வர ரெண்டு, ரெண்டரை வருஷம் ஆகும் என்று கணக்குச் சொல்கிறது. படுக்கையறை ஃபேன்கள் ஒன்பது மணி நேரம்தான் ஓடுகின்றன, அதுவும் இப்போது பாதி வேகத்தில். அவற்றை மாற்றினால் காசு திரும்ப நாலு வருஷத்துக்கு மேல் ஆகும். மாற்றவில்லை. கெட்டுப்போனால் பார்த்துக்கொள்ளலாம். புது ஃபேனில் அத்தைக்கு ஒரே மனத்தாங்கல், ரிமோட். "ஃபேனுக்கு ஒரு ரிமோட்டு, அந்த ரிமோட்டத் தேடித்தர ஒரு ஆளு" என்கிறார். இப்போது அது ஒரு நூலில் கட்டி சுவிட்ச் போர்டு பக்கத்து ஆணியில் தொங்குகிறது.

டியூப் லைட் இரண்டு, சோக்கோடு சேர்த்து ஒன்று 52 வாட். ஒன்று 250 ரூபாய் வீதம் 20 வாட் எல்.இ.டி. பட்டை மாட்டினோம். இதில் சொல்ல வேறு ஒன்றுமில்லை.

செட்டாப் பாக்ஸ் விஷயத்தில் கொஞ்சம் ராஜதந்திரம் தேவைப்பட்டது. சுவிட்சில் அணைத்தால் திரும்ப ஓடி நிலைக்கு வர ரெண்டு நிமிஷம் எடுக்கிறது. அத்தைக்குக் காலை அஞ்சரைக்கு சுப்ரபாதம் ஓட வேண்டும். கடைசியாக டிவி பார்க்கிறவரும் அவர்தான், முதலில் போடுகிறவரும் அவர்தான். அதனால் அந்த சுவிட்சை அவர் பொறுப்பிலேயே விட்டுவிட்டேன். பல் தேய்க்கப் போகும்போது போட்டுவிட்டுப் போகிறார், வருவதற்குள் பாட்டு வந்துவிடுகிறது. வைஃபையை ராத்திரி அணைப்பது பையனோடு நடக்கிற தினசரிப் பஞ்சாயத்து. 8 வாட்டில் ராத்திரி ஏழு மணி நேரம் அணைத்தால் இரண்டு மாதத்துக்கு 3 யூனிட்தான். கரண்டுக்காக என்று சொல்லி அணைக்கிறேன், உண்மையில் அவன் தூங்குவதற்காக.

எதிர்பாராமல் மாட்டியது மோட்டார். தாமிரபரணித் தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள் தரைத்தொட்டிக்கு வரும், அங்கிருந்து ஒரு ஹெச்.பி. மோட்டார் மாடித் தொட்டிக்கு ஏற்றும். மோட்டார் ஓடும்போது விளக்கு விடாமல் சிமிட்டும், எண்ணிக்கை தப்பும். பையன் ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து, மெதுவாக ஓட்டி எண்ணினான். 59. ஏறக்குறைய 1,100 வாட். அது சரியான அளவுதான், மோட்டாரில் குறையில்லை. ஆனால் தொட்டி நிறைய 38 நிமிஷம் ஆனது. வீடு கட்டின புதிதில் இருபத்தஞ்சு நிமிஷத்தில் நிறையும் என்று வீட்டுக்காரருக்கு ஞாபகம். தரைத்தொட்டியைக் காலி பண்ணி இறங்கிப் பார்த்தால் உறிஞ்சுகுழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வின் சல்லடையில் பாதிக்கு மேல் பாசியும் வேப்பிலைக் காம்பும் அடைத்திருந்தது. தொட்டி மூடிக்கு நேர் மேலேதான் வேப்பமரம். கழற்றித் தேய்த்து மாட்டினதும் 26 நிமிஷம். நாளுக்கு 0.22 யூனிட் மிச்சம், இரண்டு மாதத்துக்கு 13. பைசா செலவில்லை, முழங்கால் சேறு மட்டும். அன்றைக்கே நிறைந்தால் சத்தம் போடுகிற அலாரம் ஒன்றும் மாட்டினோம். அதற்கு முன்னால் தெருவில் தண்ணி வழிந்து எதிர்வீட்டு அக்கா கூப்பிட்டால்தான் தொட்டி நிறைந்தது எங்களுக்குத் தெரியும்.

இவ்வளவுக்கும் நடுவே தினமும் காலை ஆறு மணிக்கு மீட்டர் எண்ணைக் கிழித்த காலண்டர் தாளின் பின்னால் எழுதி ஒரு கம்பியில் குத்தி வைத்தேன். 500 என்கிற அந்தக் கோடு இருக்கிறவரை இது தேவை. ஐம்பதாம் நாள் 420-ல் நின்றால் மீதிப் பத்து நாளுக்கு 80 யூனிட் இருக்கிறது, துணி தேய்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். 470-ல் நின்றால் தள்ளிப்போட வேண்டும். பில் வந்த பிறகு நடக்கிற விசாரணையை விட இது அமைதியாக இருக்கிறது.

ஆகஸ்ட் அட்டையில் 421. தொகை 1,307 ரூபாய். வீட்டுக்காரர் அதைப் போட்டோ எடுத்து அவர் தம்பிக்கு அனுப்பினார், தானே வேலை செய்ததுபோல. நான் அவ்வளவு குதிக்கவில்லை. ஜூன் நடுவுக்குப் பிறகு குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் எங்கள் பக்கமும் காற்று திரும்பிவிடும். சித்திரை வைகாசிப் புழுக்கத்தில் ஓடின மாதிரி ஃபேன் ஓடாது. குறைந்த 126 யூனிட்டில் காற்றுக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு என்று பிரித்து எழுத வழியில்லை. பாதி வேலை அந்த இரண்டு மாதத்துக்கு நடுவில்தான் முடிந்தது என்பதும் இருக்கிறது. அக்டோபரில் 338, தொகை 884. அதற்குள் ஆவணி, புரட்டாசி வெயில் திரும்பியிருந்தது, எல்லா ஃபேனும் ஓடின, புது பேட்டரியும் வந்திருந்தது. இந்த எண்ணை நான் நம்புகிறேன். சரியான பரீட்சை அடுத்த சித்திரையில்தான்.

பேட்டரியைத் தள்ளிவிட்டு மற்றச் செலவு: வாட் மீட்டர் 900, ரப்பர் 450, ரெகுலேட்டர் இரண்டும் 360, ஃபேன் 3,000, விளக்குகள் 500, தண்ணி அலாரம் 150, எலக்ட்ரீசியன் தம்பிக்குக் கூலி 600. மொத்தம் 5,960. ஜூன் பில்லோடு ஒப்பிட்டால் இரண்டு பில்லிலும் சேர்த்து 2,679 குறைந்திருக்கிறது.

போன வாரம் எதிர்வீட்டு அக்கா, "எங்க மீட்டரையும் ஒருக்கா எண்ணிப் பாரேன்" என்று கூப்பிட்டார். அவர்கள் மீட்டரில் 3200 இல்லை, 1600. அதற்கு 1125 ஆகாது, 2250-ஐ வகுக்க வேண்டும். நல்லவேளை பையன் கவனித்தான். எல்லாம் ஆஃப் என்று சொன்னார், அவரே ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். 9 நொடிக்கு ஒரு சிமிட்டல். 250 வாட். மூன்று தடவை எண்ணினேன், அதேதான். மாடி போர்ஷன் காலியாகி எட்டு மாதம் ஆகிறது, சாவி அவர் மகனிடம் இருக்கிறது. சனிக்கிழமை அவன் ஊருக்கு வந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலே போகப் போகிறோம்.